மேங்காட்டுத் தீர்மானம்

பூலாங்கரை முனிசிபாலிட்டிக்குப் பெண் மெம்பர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, சேர்மன் வீரபாகு அதிகம் யோசிக்கவில்லை. கடலைக்காய் மண்டி வேலுசாமியின் மனைவி பெரியநாயகி நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவள். யாரோடும் சண்டைக்குப் போகாதவள். அவள் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்.

முதல் வருடம் முழுக்க அவள் ஒழுங்காகக் கூட்டத்துக்கு வந்தாள். சுவரோரம் தனியாகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சேர்மன் கை தூக்கியதற்கெல்லாம் தானும் கை தூக்கினாள். சந்தைக் குத்தகை, குப்பை வண்டிக்கு மாடு, தெருவிளக்குக்கு எண்ணெய். இதில் மாறுபட்டுப் பேச என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தோன்றியது. "கூட்டத்துல என்ன நடந்துது?" என்று கணவர் கேட்டால், "காபி நல்லா இருந்துதுங்க" என்பாள்.

அவளைப் பேச வைத்தது பிளேக்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருடம் தை மாதக் கடைசியில் பாவடிச் சந்தில் எலிகள் செத்து விழுந்தன. ஊரின் நெசவாளர்கள் பெரும்பாலும் குடியிருந்த இடம் அது. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். நடுப்பகலிலும் உள்ளே விளக்கு வேண்டும். எலி விழுந்த ஒரு வாரத்துக்குள் மனிதர்கள் விழ ஆரம்பித்தார்கள். வீடுகளைக் காலி செய்து வெளியே போகச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். எங்கே போவது என்று தண்டோராவில் சொல்லவில்லை.

ஊருக்கு மேற்கே, கரடு எனும் பாறைக் குன்றின் அடியில் பெரியநாயகியின் அண்ணன் சென்னியப்பனுக்கு நிலம் இருந்தது. மழையை நம்பிய மேட்டு நிலம். அந்தப் பக்கத்தில் மேட்டு நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். அதனால் அதற்கு மேங்காடு என்று பேர். நடுவில் ஒரு கிணறும், அதன் பக்கத்தில் அவர் குடியிருந்த சாளை வீடும் இருந்தன. மூட்டை முடிச்சோடு ரோட்டில் நின்ற ஜனங்களைப் பார்த்து அவர் வண்டியை நிறுத்தினார்.

"சோளம் அறுத்து வெறுங்காடாத்தான கெடக்குது. வந்து இருங்க. கெணத்துல தண்ணி இருக்குது," என்றார்.

பாவடிச் சந்தே அங்கே போயிற்று. தென்னங்கீற்றிலும் சோளத்தட்டிலும் குடிசை போட்டுக்கொண்டார்கள். பெரியநாயகி தினமும் மண்டி வண்டியில் அரிசியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு அண்ணன் காட்டுக்குப் போனாள். சந்தில் இருந்தவரை சாவு விழுந்த ஜனங்களுக்கு, காட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல்கூட வரவில்லை. மாரக்காள் என்ற நெசவுக்காரப் பெண்ணுக்கு அங்கேயே பிரசவமும் ஆயிற்று. சென்னியப்பனின் மனைவி கமலவேணிதான் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கோடை மழைக்கு முன்னால் நோய் அடங்கியது. ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். சென்னியப்பன் குடிசைகளைப் பிரித்துப் போட்டு, உழவுக்கு ஏர் பூட்டினார்.

அதோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

சேர்மன் வீரபாகு அப்படி நினைக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. பிளேக் நாட்களில் தானே சந்துக்குள் போய்ப் பிணத்துக்குத் தோள் கொடுத்தவர். மேட்டூரில் அணை வேலைக்கு வந்தவர்களுக்காக நேர்நேராகத் தெரு போட்டு வீடு கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. சுகாதார அதிகாரியும், மேங்காட்டில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று எடுத்துச் சொன்னார். அடுத்த வருடம் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. மேற்கு விரிவுத் திட்டம். மேங்காட்டையும் அதை ஒட்டிய நிலங்களையும் சர்க்கார் மூலம் எடுத்து, அகலத் தெருக்கள் போட்டு, பாவடிச் சந்து ஜனங்களை அங்கே குடியேற்றுவது. பழைய சந்து வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் மார்க்கெட் கட்டுவது.

மெம்பர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். எதிர்த்தவர்களுக்குத் தலைவர் காளியண்ணன். பாவடிச் சந்து வார்டு மெம்பர். சொந்தமாகத் தறி வைத்திருந்தவர். சந்து ஜனங்களை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு, நல்ல இடத்தைக் கடைக்காரர்கள் எடுத்துக்கொள்ளும் யோசனை இது என்றார். இரண்டு பக்கமும் தலை எண்ணிப் பார்த்தார்கள். சரிபாதி. மிச்சம் இருந்தது சுவரோர நாற்காலி.

முதலில் சேர்மன் பெரியநாயகியின் வீட்டுக்கு வந்தார். "உங்க அண்ணன் காடுங்கறதுனால சங்கடமா இருக்கும், தெரியுதுங்க. ஆனா அந்த நாள்ல நீங்களும் கண்ணால பாத்தீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு மோர் குடித்துப் போனார். மறுநாள் காளியண்ணன் வந்தார். "கூடப்பொறந்தவரு காடு போறதுக்கா நீங்க கை தூக்கப் போறீங்க? உங்களுக்கு நான் சொல்லவும் வேணுமுங்களா?" என்றார்.

மூன்றாவதாக அண்ணன் வந்தார். வண்டியிலிருந்து ஒரு கூடைப் பச்சைக் கடலையை இறக்கி வைத்தார். உட்காரவில்லை.

"அம்மிணி, சந்தி சிரிக்குமாட்ட இருக்குது. பாவம்னு எடம் குடுத்தேன். எடம் நல்லா இருக்குதுன்னு புடுங்கறாங்க. அன்னைக்கு நானும் கதவைச் சாத்திக்கிட்டு இருந்திருந்தா, இன்னைக்கு எங்காட்டுப் பக்கம் ஒருத்தன் திரும்பிப் பாத்திருப்பானா?"

அவள் கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"நீ கை தூக்காம இருந்தாப் போதும். வேற ஒண்ணும் நாங் கேக்கலே," என்றார்.

அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலுசாமி நிலைமையைப் பார்த்துவிட்டு, "உடம்பு செரியில்லேன்னு கூட்டத்துக்குப் போகாம இருந்துக்கலாமே," என்றார். அந்த யோசனை அவளுக்கும் முன்பே வந்திருந்தது. கணவர் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது.

காலையில் அவள் பாவடிச் சந்துக்குப் போனாள். மாரக்காள் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். மேங்காட்டில் பிறந்த குழந்தை தறிக்கு மேலே தூளியில் தூங்கியது. வாசற்படியைத் தாண்டியதும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் பெரியநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈர வாடை அடித்தது.

"வாங்க சாமி. பாத்து, அங்க அம்மி கெடக்குது," என்றாள் மாரக்காள்.

பெரியநாயகி தரையில் உட்கார்ந்தாள். "அங்க ஊடு கட்டித் தந்தா நீ போவியா மாரக்கா?"

மாரக்காள் தறியை நிறுத்தினாள். "அந்தக் காட்டுல இருந்தப்ப எம்புள்ளைங்க ராத்திரி இருமலைங்க. அதை நான் மறக்கலே. ஆனா இதை இடிச்சுப்போட்டு அப்புறம் கட்டித் தாரோம்னு சொன்னாங்கன்னா, கட்டற வரைக்கும் தறிய எங்க கொண்டு போய் வெக்கறது? தறி நின்னா அடுப்பும் நின்னுபோகுமுங்க. அப்புறம், ஒத்தைக்கு ஒருத்தரா போக முடியாது. நூலை நீட்டி இழுத்துப் பாவு போட எல்லாரும் வேணும், நீளமா எடமும் வேணும். தெருவோட ஒண்ணாப் போனா போலாம்."

"காளியண்ணன் வேண்டாங்கறாரே?"

"அவரு ஊட்டுக்கு மாடி இருக்குதுங்க சாமி. அவருக்குக் காத்து வருது," என்றாள் மாரக்காள். பிறகு, "நல்ல மனுசன்தான். எங்களைத் தொரத்திப்போடுவாங்கன்னு பயப்படறாரு. எங்களுக்கும் அந்தப் பயம் இருக்குது," என்று சேர்த்துக்கொண்டாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் பெரியநாயகி மேங்காட்டுக்குப் போனாள். சென்னியப்பன் வரப்பில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிடுங்கிய கடலைச் செடி குவிந்திருந்தது. அவள் எதிரில் நின்றாள்.

"அண்ணா, நாளைக்கு நான் கை தூக்கப் போறேனுங்க. திட்டம் வேணும்னுதான். உங்ககிட்டச் சொல்லாம செய்ய மனசு வரலீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அது வரவில்லை. அவர் முகத்தில் தெரிந்தது ஒரு களைப்பு.

"அப்பாரு காலத்துல கல்லுப் பொறுக்கின காடு இது," என்றார். "நீயுந்தான் பொறுக்கின. பாவாடையில அள்ளிக்கிட்டுப் போய்க் கரட்டோரம் கொட்டுவ."

"ஆமாங்க."

"அப்புறம் எப்புடி கை தூக்குவ?"

"சந்துக்குள்ள போய்ப் பாத்தேனுங்க அண்ணா. அடுத்த தடவை எலி விழுந்தா அந்த ஜனங்க மறுபடியும் இங்கதான் ஓடி வரணும். வாரதுக்குள்ள எத்தனை பேரு போய்ச் சேருவாங்களோ. அதை வெச்சுக்கிட்டு நான் அந்த நாற்காலியில உக்கார முடியாதுங்க."

சென்னியப்பன் மறுபடியும் காம்பைச் செதுக்க ஆரம்பித்தார். "சொல்லிப்போட்ட. செரி. போய்ட்டு வா," என்றார். கமலவேணி சாளைக்குள்ளிருந்து, "அம்மிணி, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க," என்று கூப்பிட்டாள். "இன்னொரு நாளைக்கு வாரேனுங்க நங்கை," என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு அவள் நடந்தாள். ரோட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது.

கூட்டம் பகல் மூன்று மணிக்கு. ஆபீஸ் வாசலில் சந்து ஜனங்கள் கூடியிருந்தார்கள். வீரபாகு வரைபடத்தின் பக்கத்தில் நின்று திட்டத்தை விளக்கினார். பள்ளிக்கூடம் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று பிரம்பால் தொட்டுக் காட்டினார். காளியண்ணன் எழுந்தார்.

"படம் நல்லா இருக்குதுங்க. படத்துல எங்க ஜனங்களைக் காணோம். பழைய ஊட்டை எப்ப இடிப்பீங்க, புது ஊட்டை எப்பக் குடுப்பீங்க? வாடகைக்கு இருக்கறவனுக்கு என்ன குடுப்பீங்க? அதுக்குப் பதில் சொல்லிப்போட்டுப் பள்ளிக்கூடத்தைக் காட்டுங்க."

சேர்மன், அதையெல்லாம் பிறகு விதிகளில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு என்றால் எப்போது என்று காளியண்ணன் கேட்டார். பேச்சு தடித்தது. கடைசியில் ஓட்டெடுப்புக்கு வந்தபோது காளியண்ணன் பக்கத்து வக்கீல் மெம்பர் ஒருவர் எழுந்து ஓர் ஆட்சேபணை சொன்னார். திட்டத்தில் எடுக்கப்படும் நிலம் பெரியநாயகி அம்மாளின் பிறந்த வீட்டுச் சொத்து. சொந்த சம்பந்தம் உள்ள மெம்பர் ஓட்டுப் போடச் சட்டம் இடம் கொடுக்காது என்றார். அண்ணனிடம் அவள் சொன்னது அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது.

சேர்மன் தயங்கினார். "அம்மா, நீங்க என்ன சொல்றீங்க? அந்த நெலத்துல உங்களுக்குப் பங்கு உண்டுங்களா?"

பெரியநாயகி எழுந்தாள். கூட்டத்தில் அவள் எழுந்து நின்றதே அதுதான் முதல் தடவை. சேலைத் தலைப்பைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இல்லீங்க. பொறந்த ஊட்டு நெலத்துல பொம்பளைக்கு ஏதுங்க பங்கு? அந்தக் காட்டுல நான் கல்லுப் பொறுக்கியிருக்கேன், களை எடுத்திருக்கேன். ஆனா ஒரு புடி மண்ணு என்னுதுன்னு சொல்ல முடியாது. வக்கீலய்யாவுக்கு எங்களை விட அது நல்லாத் தெரியுமே."

யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. "சட்டம் அப்படித்தான்," என்று உட்கார்ந்தார். ஆட்சேபணை தள்ளப்பட்டது. ஆனால் பெரியநாயகி உட்காரவில்லை.

"இன்னும் ஒண்ணு சொல்லோணுங்க. நான் கை தூக்கறேன். ஆனா இப்ப இருக்கற தீர்மானத்துக்கு இல்லை. புது ஊட்டுல ஒரு குடும்பம் அடுப்புப் பத்த வெச்ச பெறகுதான் அதோட பழைய ஊட்டை இடிக்கோணும். சொந்த ஊடோ வாடகை ஊடோ, சந்துல தறி போட்டிருக்கற எல்லாருக்கும் அங்க எடம் உண்டுன்னு எழுதோணும். தெருத் தெருவாக் கூட்டிக்கிட்டுப் போகோணும். பாவு போட நீளமா ஒரு எடம் விடோணும். இதெல்லாம் பின்னால வேண்டாம். இப்பவே தீர்மானத்துல சேத்துங்க. சேக்கலீன்னா நான் காளியண்ணங்க பக்கம் உக்காந்துக்கறேன்."

வாசலில் நின்றவர்கள் ஜன்னலுக்கு நெருங்கி வந்தார்கள். வீரபாகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை நாளாகக் காபி குடித்துவிட்டுப் போன அம்மாள்தானா இது என்ற ஆச்சரியம் அவர் முகத்தில் இருந்தது. கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. ஆனால் ஓட்டு அவள் கையில் இருந்தது. குமாஸ்தாவைக் கூப்பிட்டுச் சேர்த்து எழுதச் சொன்னார்.

எழுதி வாசித்த பிறகு காளியண்ணன் எழுந்தார். "இது நான் கேட்டதுதாங்க," என்றார். "இப்ப எதிர்த்தா என்னைய நானே எதிர்க்கற மாதிரி. ஆனா நானும் ஒண்ணு சேர்க்கோணும். எங்க ஜனங்களுக்கு எடம் குடுத்த மனுசனை வெறுங்கையோட அனுப்பப் படாது. சென்னியப்பன் சாளையும் அதுக்குக் கெழக்கால இருக்கற காடும் அவருக்கே விட்டுப்போடோணும்."

பெரியநாயகி நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். "இதுல நான் இருக்கப் படாதுங்க," என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்த் தூணருகே நின்றாள். உள்ளே வாக்குவாதம் நடந்தது. திட்டத்துக்குத் தண்ணீரே அந்தக் கிணற்றிலிருந்துதான் என்று சேர்மன் சொல்வது கேட்டது. முடிவில், சாளையையும் கிழக்குக் காட்டையும் விட்டுவிடுவது, கிணறு முனிசிபாலிட்டிக்கு, அதில் சென்னியப்பனுக்குப் பாய்ச்சல் உரிமை உண்டு என்று தீர்மானமாயிற்று. அவளை உள்ளே கூப்பிட்டார்கள். முழுத் தீர்மானத்துக்கும் அவள் கை தூக்கினாள். காளியண்ணனும் தூக்கினார்.

சேதி மேங்காட்டுக்குப் போனபோது சென்னியப்பன், "எங்கெணத்துல தண்ணி எறைக்க எனக்கே உரிமை குடுத்திருக்காங்களாமா?" என்று கேட்டாராம். கமலவேணி சொல்லித்தான் பெரியநாயகிக்குத் தெரியும். அந்தப் பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வந்தது. கமலவேணியின் தம்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அண்ணன் வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. சந்தையில் எதிரெதிரே வந்தால் அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போனார். அவளும் கூப்பிட்டு நிறுத்தவில்லை. செய்தது சரி என்றுதான் நினைத்தாள். சரியாகச் செய்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வேலை மெதுவாக நடந்தது. முதல் தெரு எழும்பியது. அதில் முதலில் பால் காய்ச்சியவர்களில் மாரக்காளும் ஒருத்தி. இரண்டாவது தெருவும் ஆயிற்று. மூன்றாவதற்குக் கடைகால் தோண்டிய நேரத்தில் யுத்தம் வந்தது. இரும்பு கிடைக்கவில்லை, சிமெண்டு கிடைக்கவில்லை. திட்டம் பாதியில் நின்றது. சந்தில் பாதி ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள். ஆனால் இடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட வீடு என்று ஒன்றுகூட இல்லை. மார்க்கெட்டும் வரவில்லை. காலியான வீடுகள் இருந்த இடத்தில் வெளிச்சம் விழுந்தது. மிஞ்சிய ஜனங்கள் அங்கே பாவு போட்டார்கள்.

அந்த வருடம் ஐப்பசி மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை வாசலில், "மெம்பரம்மா இருக்காங்களா?" என்ற குரல் கேட்டது. வேலுசாமி எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மனைவியை அனுப்பினார்.

சென்னியப்பன் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். கால் முழங்கால் வரை சேறு.

"புதுத் தெருச் சாக்கடையை எங்க காட்டுப் பக்கமாத் திருப்பி உட்டிருக்காங்க. கடலைச் செடி மூணு நாளாத் தண்ணிக்குள்ள நிக்குதுங்க. ஆபீசுல போய்ச் சொன்னேன். மெம்பரைப் பாருங்கன்னாங்க. அதான் வந்தேனுங்க."

தங்கையிடம் அவள் பிறந்ததிலிருந்து அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. பெரியநாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "வாங்க, போய்ப் பாக்கலாம்," என்று குடையை எடுத்தாள்.

காட்டில் அவர் சொன்னபடிதான் இருந்தது. சாக்கடை வளைவில் கரை உடைந்து, கறுப்புத் தண்ணீர் செடிகளுக்குள் பரவியிருந்தது. அவள் சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, வளைவு வரை நடந்து பார்த்தாள். பள்ளம் வடக்கே இருக்க, வாய்க்காலைக் கிழக்கே வெட்டியிருந்தார்கள்.

"அடுத்த கூட்டத்துல சொல்றேனுங்க அண்ணா. வடக்கால மாத்தி வெட்டச் சொல்லி எழுதி வாங்கறேன்."

"கூட்டத்துல சொல்லி என்ன ஆகறது? அதுக்குள்ள செடி அழுகிப்போகும். அந்த ஓவர்சீயரை இன்னைக்கே இங்க கூட்டிக்கிட்டு வா. கண்ணால பாக்கட்டும்," என்றார் சென்னியப்பன் கோபமாக. பிறகு, "அங்க நிக்காத, முள்ளுக் கெடக்குது. இந்தப் பக்கமா வா," என்று கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக் கரையேறினாள். புதுத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் குடங்களோடு கிணற்றுக்கு வந்துகொண்டிருந்தார்கள். சென்னியப்பன் அவர்களைப் பார்த்து, படி வழுக்கும், பார்த்து வாருங்கள் என்று சத்தம் போட்டுச் சொன்னார். சாளையிலிருந்து கமலவேணி, சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டாள்.

"ஓவர்சீயரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டுச் சாப்புடறேனுங்க நங்கை," என்றாள் பெரியநாயகி.

"அவன் எங்கயும் போயிர மாட்டான். சாப்புட்டுப் போ," என்றார் அண்ணன்.